கோல் ஒன்றுக்கு ஐந்து டாலர்

வாசகர் கேள்வி – பதில்: கிளப் கால்பந்தும் நம் குடும்பங்களும்

அமெரிக்காவில் வளரும் தமிழ்ப் பிள்ளைகள், கட்டணம் வாங்கித் தேர்வு வைத்து அணி சேர்க்கும் கிளப்களில் கால்பந்து ஆடச் சேர்வதைப் பற்றிச் சென்ற மாதம் இந்தப் பகுதியில் ஒரு கேள்விக்குப் பதில் எழுதியிருந்தேன். அதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன: பிள்ளை எதற்காக ஆடுகிறது, வீடு எதற்காக அதன் பின்னால் ஓடுகிறது? பதினெட்டு ஆண்டுகளாக அங்கே சிறுவர் சிறுமியர் அணிகளுக்குப் பயிற்சி அளித்துவருபவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

என் மகனுக்கு 11 வயது. மூன்று ஆண்டுகளாகக் கிளப்பில் ஆடுகிறான். கடந்த மே மாதம் நடந்த டிரைஅவுட்டில் (அணித் தேர்வில்) அவனை முதல் அணியிலிருந்து இரண்டாம் அணிக்கு இறக்கிவிட்டார்கள். அவன் இரண்டு நாள் அழுதான், பிறகு மறந்துவிட்டான். என் கணவரால்தான் மறக்க முடியவில்லை. நாற்பது நிமிடத் தொலைவில் உள்ள வேறொரு கிளப்பில் முதல் அணியிலேயே இடம் கிடைக்கும் என்கிறார். இதையெல்லாம் எதற்காகச் செய்கிறோம் என்று யோசித்தால் எங்கள் இருவரிடமும் தெளிவான பதில் இல்லை. கிளப்பை மாற்றலாமா?
– வாசகி, எடிசன், நியூ ஜெர்சி

'எதற்காக' என்று நீங்கள் கேட்டதற்கே முதலில் பதில் சொல்ல வேண்டும். மைதானத்தின் ஓரத்தில் நிற்கும் பெற்றோரிடம் இந்தக் கேள்வியைப் பலமுறை கேட்டிருக்கிறேன். உடலுக்கு நல்லது, ஒழுக்கம் வரும், நாலு பேரோடு பழகக் கற்றுக்கொள்வான் என்பார்கள். எல்லாமே உண்மைதான். ஆனால் இவை அனைத்தும் ஊர்ப் பொழுதுபோக்கு அணியில், மிகக் குறைந்த கட்டணத்தில், வீட்டிலிருந்து பத்து நிமிடத் தொலைவிலேயே கிடைக்கின்றன. சனிக்கிழமை விடியற்காலையில் தூங்கும் பிள்ளையை எழுப்பி, இன்னொரு மாநிலத்தில் நடக்கும் டோர்னமென்ட்டுக்கு மூன்று மணி நேரம் வண்டி ஓட்டிச் செல்வதற்கு இந்தக் காரணங்கள் போதாது.

அடியில் இருப்பது பெரும்பாலும் பயம்தான். ஒன்பது வயதில் நல்ல அணியில் இடம் பிடிக்காவிட்டால் பதின்மூன்று வயதில் கதவு சாத்தப்பட்டுவிடும் என்ற பயம். இதைப் பெற்றோரின் பலவீனம் என்று நான் சொல்லமாட்டேன். அங்குள்ள அமைப்பே அதை வளர்க்கிறது. ஆண்டுதோறும் தேர்வு, ஒரே கிளப்பில் ஒரே வயதுக்கு மூன்று, நான்கு அணிகள், அவற்றுக்கு மேலே சிறுமிகளுக்காக 2009-இல் தொடங்கிப் பின்னர் சிறுவர்களையும் சேர்த்துக்கொண்ட ஈ.சி.என்.எல். என்ற தேசிய லீக்; 2007 முதல் இயங்கிய தேசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் அகாதமி லீக் 2020-இல் மூடப்பட்டதும் அதே ஆண்டில் அதன் இடத்துக்கு வந்த எம்.எல்.எஸ். நெக்ஸ்ட் என்ற லீக். நம் ஊரில் கட்-ஆஃப் மதிப்பெண் பார்த்து வளர்ந்த தாய் தந்தையருக்கு இந்தப் படிக்கட்டைக் கண்டதும் கை கால் பதறாமல் இருக்குமா?

இரண்டாவது காரணம் ஒன்று உண்டு. அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொந்தபந்தங்களை விட்டு வந்த குடும்பங்களுக்கு அந்த மைதான ஓரமே ஓர் ஊராகிவிடுகிறது. மடக்கு நாற்காலி, பிளாஸ்க்கில் டீ, யார் பிள்ளையை யார் வண்டியில் அழைத்துவருவது என்ற வாட்ஸ்அப் பேச்சு, ஆட்டம் முடிந்ததும் எல்லோருமாகச் சாப்பிடப் போவது. மகன் இரண்டாம் அணிக்குப் போனால் அப்பாவும் அம்மாவும் அந்தக் கூட்டத்திலிருந்து வெளியே வந்துவிடுகிறார்கள். உங்கள் கணவரின் வருத்தத்தில் இதற்கும் ஒரு பங்கு இருக்கும் என்று நினைக்கிறேன். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அது அவருடைய வருத்தம், மகனுடையது அல்ல என்பதை அவர் கண்டுகொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

மூன்றாவது, போட்ட பணம். வருமானத்தில் எவ்வளவு பெரிய பங்கைக் குடும்பம் பிள்ளையின் விளையாட்டுக்குச் செலவிடுகிறதோ, அவ்வளவுக்குப் பெற்றோரின் அழுத்தத்தைப் பிள்ளை உணர்கிறது என்றும், அந்த அழுத்தம் கூடக் கூட விளையாட்டில் மகிழ்ச்சியும் தொடர்ந்து ஆடும் விருப்பமும் குறைகின்றன என்றும் யூட்டா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் எழுதினார்கள். நல்ல மனதோடு செய்யும் செலவே பிள்ளையின் தோளில் சுமையாக ஏறுகிறது என்பது கேட்கக் கசப்பானதுதான். ஆனால் மைதானத்தில் நான் கண்டதும் அதுவே.

இனி உங்கள் மகன். 11 வயதில் அங்கே பக்கத்துக்கு ஒன்பது பேர் ஆடுகிறார்கள். முதல் அணியில் அவன் எத்தனை நிமிடம் ஆடினான், எத்தனை நிமிடம் பெஞ்சில் இருந்தான் என்று நினைத்துப் பாருங்கள். இரண்டாம் அணியில் முழு ஆட்டமும் ஆடி, பந்து காலில் படும் தடவைகள் கூடினால், கற்றுக்கொள்வது அங்கேதான் அதிகம். நார்வேயில் 11 வயதுக்குக் கீழே புள்ளிப் பட்டியலோ தரவரிசையோ வெளியிடக் கூடாது என்றே விளையாட்டு விதி இருக்கிறது. அந்தச் சிறிய நாட்டிலிருந்துதான் கால்பந்து நட்சத்திரம் எர்லிங் ஹாலண்டு வந்தார்.

ஒரு நாள் இரவு, தோசை ஊற்றிக்கொண்டே, முகத்தை உற்றுப் பார்க்காமல், "அடுத்த வருஷம் யாரோட ஆட ஆசை?" என்று கேளுங்கள். அவன் அணியின் பெயரையோ லீக்கின் பெயரையோ சொல்லமாட்டான். இரண்டு மூன்று நண்பர்களின் பெயரைத்தான் சொல்வான். அவர்கள் இருக்கும் இடத்தில் அவனை விடுங்கள். கிளப்பை மாற்ற வேண்டாம் என்பதே என் கருத்து.

மகளுக்கு 13 வயது. உயர்நிலை லீக் ஒன்றில் ஆடுகிறாள். கட்டணம், பயணம், தனிப் பயிற்சி என்று ஆண்டுக்குப் பல ஆயிரம் டாலர் ஆகிறது. கல்லூரியில் விளையாட்டு உதவித்தொகை கிடைத்தால் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று கணக்குப் போட்டிருக்கிறோம். இது சரியான கணக்கா?
– ஒரு தந்தை, ஃப்ரிஸ்கோ, டெக்சஸ்

பணத்தைத் திருப்பி எடுக்கும் வழியாகப் பார்த்தால், சரியான கணக்கு அல்ல.

கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் முதல் பிரிவில் 2024–25 வரை ஒரு பெண்கள் கால்பந்து அணிக்கு அதிகபட்சம் 14 முழு உதவித்தொகைகள், ஆண்கள் அணிக்கு 9.9. அணியிலோ முப்பது பேர் வரை இருப்பார்கள். ஆகவே பயிற்சியாளர் அதைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒருவருக்குக் கால் பங்கு, இன்னொருவருக்கு அரைப் பங்கு என்று கொடுத்துவந்தார். 2025–26 முதல், வீரர்கள் அந்த அமைப்பின் மீது தொடுத்த வழக்கில் ஏற்பட்ட நீதிமன்ற உடன்பாட்டை ஏற்ற கல்லூரிகளில் அந்த உச்சவரம்பு நீங்கி, அணியில் 28 பேர் வரை என்ற வரம்பு வந்திருக்கிறது. இதனால் 28 பேருக்கும் பணம் கொடுக்கலாம் என்றாகிவிட்டதே தவிர, கொடுத்தே ஆக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அதே உடன்பாட்டின்படி வருவாயில் ஒரு பங்கை வீரர்களுக்கே கொடுக்கலாம் என்றாகிவிட்டபோது, அமெரிக்க ஃபுட்பாலும் கூடைப்பந்தும்தான் பெரும்பகுதியை இழுத்துக்கொள்ளும். மூன்றாம் பிரிவுக் கல்லூரிகளில் விளையாட்டுக்கென்று உதவித்தொகையே கிடையாது. நம்மவர்கள் பெரிதும் விரும்பும் ஹார்வர்டு, பிரின்ஸ்டன் போன்ற ஐவி லீக் பல்கலைக்கழகங்களிலும் கிடையாது.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். உதவித்தொகை தராத இந்தக் கல்லூரிகளிலும், பயிற்சியாளர் ஒரு மாணவியை விரும்பினால் சேர்க்கை அலுவலகத்தில் அது அவளுக்குத் துணை நிற்கும். படிப்பும் நன்றாக இருந்தால் அந்த வழி உண்மையானது. ஆனால் அதுவும் 13 வயதில் கணக்குப் போட்டு வாங்கக்கூடிய பொருளல்ல.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது வேறொன்று. சில ஆண்டுகளுக்கு முன், பயிற்சி முடிந்து எல்லோரும் போன பிறகு, என் அணியில் இருந்த 16 வயதுப் பெண் ஒருத்தி வண்டி நிறுத்துமிடத்தில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முழங்காலில் ஐஸ் பை கட்டியிருந்தது. உருகிய நீர் காலுறைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது, அதைக்கூட அவள் துடைக்கவில்லை. ஆட்டத்தை நிறுத்திவிட நினைக்கிறாயா என்று கேட்டேன். "நான் நிறுத்தினா அப்பா போட்ட பணமெல்லாம் என்னால வீணாப் போயிடும் கோச்" என்றாள். எந்த அப்பாவும் மகளிடம் கடன் பத்திரம் எழுதி வாங்குவதில்லை. ஆனால் இரவு வேளையில் கணக்குப் பேசுவது பக்கத்து அறையில் கேட்கிறது. பிள்ளை தானாகவே ஒரு கடன் பத்திரம் எழுதிக்கொள்கிறது. பந்து பிடித்துப்போய் ஆட வந்தவள், அதன் பிறகு தவணை கட்டுவதற்காக ஆடுகிறாள்.

ஆகையால் இந்த ஆண்டு கட்டும் கட்டணம் இந்த ஆண்டின் மகிழ்ச்சிக்கே செலவாகிவிட்டது என்று மனதார நினைக்க முடிகிற அளவுக்கு மட்டும் செலவு செய்யுங்கள். அப்படி நினைக்க முடியாத தொகை என்றால், அது உங்கள் குடும்பத்துக்கு அதிகமான தொகை. கல்லூரிக்கான சேமிப்பைத் தனிக் கணக்கில் போடுங்கள். முடிந்தால் அது இருக்கிறது என்பதை மகளுக்கும் சொல்லிவிடுங்கள்.

நான் ஓய்வு பெற்ற தபால் ஊழியன். ஆறு மாதம் மகள் வீட்டில், வட கரோலைனாவின் கேரி நகரில் தங்கியிருந்தேன். பேரனுக்கு ஒன்பது வயது, கால்பந்து ஆடுகிறான். கோல் ஒன்றுக்கு ஐந்து டாலர் என்று மாப்பிள்ளை கொடுக்கிறார். பேரன் ஆட்டம் முடிந்ததும் கையை நீட்டுகிறான். "இங்க எல்லாரும் செய்யறதுதான் மாமா" என்கிறார் மாப்பிள்ளை. எனக்கு மனம் ஒப்பவில்லை. நான் பழைய காலத்து ஆள் என்பதால்தானா?
– வாசகர், கும்பகோணம்

ஐயா, உங்கள் மனம் ஒப்பாததற்கு வயது காரணமல்ல.

1973-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்டு நிஸ்பெட் என்ற உளவியலாளர்கள் மூவரும் ஒரு சோதனை செய்தார்கள். வண்ணப் பேனாவால் படம் வரைவதில் ஏற்கெனவே ஆசை கொண்ட குழந்தைகளை எடுத்துக்கொண்டு, ஒரு பகுதியினரிடம் "வரைந்தால் பரிசுச் சான்றிதழ் தருவோம்" என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு பகுதியினருக்கு, சொல்லாமல் கடைசியில் கொடுத்தார்கள். மூன்றாம் பகுதியினருக்கு எதுவும் இல்லை. சில நாள் கழித்துப் பேனாக்களைச் சும்மா மேசையில் வைத்துவிட்டுக் கவனித்தபோது, பரிசுக்காக வரைந்த குழந்தைகள் மற்றவர்களைப்போல் ஏறக்குறைய பாதி நேரமே அவற்றைத் தொட்டார்கள். எதிர்பாராமல் பரிசு வாங்கியவர்களிடம் அந்த இழப்பு இல்லை. ஆகவே ஒரு நாள் நன்றாக ஆடியதற்காகப் பேரனுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுப்பதில் தீங்கில்லை. விலைப்பட்டியல் போடுவதில்தான் தீங்கு.

கால்பந்தில் இதற்கு மேலும் ஒரு கேடு உண்டு. வலது ஓரத்தில் பந்தோடு ஓடும் பையன், கோல் கம்பத்துக்கு மறுபக்கம் நண்பன் தனியாக நிற்பதைப் பார்த்தும், கோணமே இல்லாத இடத்திலிருந்து தானே உதைக்கிறான். பந்து வலையின் வெளிப்பக்கத்தில் பட்டு விழுகிறது. நண்பன் கையை விரிக்கிறான். அடுத்த முறை அவனும் பந்தைக் கொடுக்கமாட்டான். தடுப்பாட்டக்காரனுக்கும் கோல்கீப்பருக்கும் அந்த ஐந்து டாலர் என்றைக்கும் வராது என்பதையும் ஒன்பது வயதுப் பிள்ளைகள் நன்றாகவே புரிந்துகொள்கிறார்கள்.

மாப்பிள்ளை மீது குறை சொல்ல எனக்கு மனமில்லை. பேரனிடம் ஆட்டத்தைப் பற்றிப் பேச அவருக்கு வேறு பேச்சு தெரியாமல் இருக்கலாம். பேரன் முன்னால் இதைப் பேசாதீர்கள். மகள் வழியாகச் சொல்வது சங்கடமில்லாமல் இருக்கும். நீங்களே செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. அடுத்த முறை தொலைபேசியில் பேசும்போது, ஆஃப்சைடு என்றால் என்ன என்று பேரனிடம் கேளுங்கள். தீப்பெட்டியையும் மிளகையும் மேசையில் பரப்பியாவது அவன் விளக்கிக் காட்டுவான். அந்த வீட்டில் அவனிடம் பாடம் கேட்கத் தயாராக இருக்கும் ஒரே பெரியவர் நீங்களாக இருக்கலாம். ஐந்து டாலரால் வாங்க முடியாத பெருமை அது.

பத்து வயது மகன், டிசம்பரில் பிறந்தவன். அணியில் எல்லோரையும் விடச் சிறியவன், எப்போதும் மாற்று ஆட்டக்காரன்தான். "எனக்கு வரல அம்மா" என்று சொல்லத் தொடங்கிவிட்டான்.
– வாசகி, ஆஸ்டின், டெக்சஸ்

வராதது திறமையல்ல, வளர்ச்சி, அதற்கு நேரமாகும். ஜனவரி முதல் டிசம்பர் வரை பிறந்தவர்களை ஒரே வயதுப் பிரிவில் வைத்தால், ஜனவரியில் பிறந்த பையன் கிட்டத்தட்ட ஓர் ஆண்டு மூத்தவன். பத்து வயதில் அந்த ஓராண்டு உயரத்திலும் வேகத்திலும் அப்படியே தெரியும். பயிற்சியாளரும் அதைத் திறமை என்று நம்பிவிடுவார். கனடாவின் ஐஸ் ஹாக்கி அணிகளில் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் பிறந்தவர்களே குவிந்திருப்பதை ரோஜர் பார்ன்ஸ்லி என்ற ஆய்வாளர் 1985-இல் எடுத்துக்காட்டியது முதல், கால்பந்திலும் இதே கதை திரும்பத் திரும்பக் காணப்பட்டிருக்கிறது. இளையவன் சோர்ந்து விலகிவிடுகிறான். விலகியதால் திறமை இல்லை என்று எல்லோரும் முடிவு கட்டிவிடுகிறார்கள்.

உங்களுக்கு ஒரு நல்ல செய்தி. 2026 இலையுதிர் பருவத்திலிருந்து அமெரிக்கச் சிறுவர் கால்பந்தின் பெரிய அமைப்புகள் ஆகஸ்ட் முதல் ஜூலை வரை என்று வயதுப் பிரிவை மாற்றுகின்றன. டிசம்பரில் பிறந்தவன் அப்போது பிரிவில் மூத்த பாதிக்குள் வந்துவிடுவான். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி மகனுக்குக் காட்டுங்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு இது விளங்கும். விளங்கினால் "எனக்கு வரல" என்ற சொல் தானாக மாறும்.

அமெரிக்கக் கதையையே எழுதுகிறீர்கள். தமிழ்நாட்டில் கால்பந்து ஆடும் பிள்ளைகளுக்கு எது தூண்டுதல்?
– வாசகர், மதுரை

கேட்டது நியாயம். தமிழ்நாட்டில் குடும்பத்தின் தூண்டுதல் பெரும்பாலும் வேலை. அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. ரயில்வே, காவல்துறை அணிகள் இருக்கின்றன. கடலூரிலிருந்து இந்திய அணிக்குச் சென்ற இந்துமதி கதிரேசன் தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். அந்தச் சீருடை பல வீடுகளில் பெண்பிள்ளையை மைதானத்துக்கு அனுப்பும் தைரியத்தைக் கொடுத்திருக்கிறது. அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் கால்பந்து வீரர்கள் தனபால் கணேஷும் நந்தகுமார் சேகரும் வளர்ந்த சென்னை வியாசர்பாடியில் ஒரு மாலை நின்று பாருங்கள். வெறுங்காலோடு ஓடும் ஏழு வயதுப் பையனுக்கு ஒதுக்கீடு என்ற சொல்லே தெரியாது. இருட்டி, பந்து கண்ணுக்குத் தெரியாமல் போன பிறகும் அவன் வீட்டுக்குப் போக மறுக்கிறான். எடிசனிலும் வியாசர்பாடியிலும் பிள்ளையின் காரணம் ஒன்றுதான். வீட்டின் காரணம்தான் வேறு.

எனக்கு 15 வயது. ஏழு வருடமாக ஆடுகிறேன். ஒவ்வொரு ஆட்டமும் முடிந்து வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அப்பா ஆட்டத்தை நிமிடம் நிமிடமாகப் பிரித்துப் பேசுகிறார். அவர் சொல்வது பெரும்பாலும் சரிதான். ஆனால் வீடு வந்து சேரும்போது எனக்கு ஆட்டமே பிடிக்காமல் போய்விடுகிறது. நிறுத்திவிடலாமா? (தமிழில் எழுத அம்மா உதவினார்.)
– வாசகி, சான் ஹோசே, கலிஃபோர்னியா

அன்பு மகளே, நீ எழுதியதில் "அவர் சொல்வது பெரும்பாலும் சரிதான்" என்ற வரியைப் பலமுறை படித்தேன். அந்த நியாயம் உன்னிடம் இருப்பதால் உன்னிடம் வெளிப்படையாகப் பேசலாம்.

ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அமண்டா விசெக்கும் அவருடைய குழுவினரும், கால்பந்து ஆடும் பிள்ளைகளையும் அவர்களுடைய பெற்றோரையும் பயிற்சியாளர்களையும் கேட்டு, விளையாட்டை இன்பமாக்குபவை என்று 81 காரணங்களைத் திரட்டினார்கள். முழு மூச்சோடு முயல்வது, அணியினரோடு நல்லபடி இருப்பது, பயிற்சியாளர் மரியாதையோடு நடத்துவது ஆகியவை மேலே இருந்தன. வெற்றி அவற்றுக்கு வெகு கீழே. கோப்பையும் பதக்கமும் இன்னும் கீழே. ஆகவே உனக்கு ஆட்டம் எதனால் பிடித்திருந்தது என்பதில் நீ தனியாள் இல்லை.

எட்வர்டு டெசி, ரிச்சர்டு ரையன் என்ற இரு உளவியலாளர்கள், மனிதருக்கு உள்ளிருந்து வரும் ஊக்கம் மூன்றைச் சார்ந்தது என்கிறார்கள்: இது என் விருப்பப்படி நடக்கிறது என்ற உணர்வு, எனக்கு இது கைவருகிறது என்ற உணர்வு, என்னை வேண்டும் என்று நினைப்பவர்கள் இங்கே இருக்கிறார்கள் என்ற உணர்வு. உன் கடிதத்தைப் பார்த்தால், மூன்றாவது உன் அணியில் இருக்கிறது என்று தோன்றுகிறது. இல்லையென்றால் ஏழு ஆண்டுகள் ஆடியிருக்கமாட்டாய். வண்டியில் பறிபோவது முதலாவது. களத்தில் நீயாகவே எடுத்த முடிவுகளெல்லாம், வீடு வருவதற்குள் அப்பாவின் முடிவுகளாக மாறிவிடுகின்றன. எனவே நிறுத்த வேண்டியது ஆட்டத்தையா, அந்த வண்டிப் பேச்சையா என்று முதலில் பிரித்துப் பார். கிளப் பயிற்சி இல்லாத ஒரு வாரத்தில் பந்தை எடுத்துக்கொண்டு வெளியே போகத் தோன்றுகிறதா என்று கவனி. தோன்றினால், நிறுத்த வேண்டியது ஆட்டம் அல்ல. தோன்றவே இல்லை என்றால், ஒரு பருவம் கிளப்பை விட்டுவிட்டுப் பள்ளி அணியில் மட்டும் ஆடிப் பார்ப்பதும் சரியான வழியே. அதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டாம்.

அப்பாவிடம் ஆட்டம் முடிந்த சூட்டில் பேசாதே. வாரநாள் ஒன்றில், "வண்டியில வேண்டாம் அப்பா, ராத்திரி சாப்பிட்ட பிறகு நானே வந்து கேக்கறேன்" என்று சொல். சொன்னபடி போய் ஒரே ஒரு கேள்வியாவது கேள். பேச்சை எப்போது தொடங்குவது என்பது உன் கைக்கு வந்துவிட்டால், அதே சொற்கள் வேறு மாதிரி காதில் விழும்.

இதைப் படிக்கும் அவளுடைய தந்தைக்கும் இரண்டு வார்த்தை. ஐயா, வாரம் முழுவதும் வேலையில் இருந்துவிட்டு, மகளோடு தனியாகக் கிடைக்கும் அந்த அரை மணி நேரத்தை வீணாக்கக் கூடாது என்றுதான் நீங்கள் பேசுகிறீர்கள். நானும் என் மகனிடம் அப்படித்தான் பேசினேன். அவன் பதில் சொல்வதை நிறுத்தி, கண்ணாடிப் பக்கம் திரும்பி உட்காரப் பழகிக்கொண்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்த இரண்டு ஆண்டுகள் திரும்ப வரவில்லை. ஆட்டம் முடிந்ததும் தண்ணீரைக் கொடுங்கள், பசிக்கிறதா என்று கேளுங்கள், வண்டியில் அவளுக்குப் பிடித்த பாட்டைப் போட அவளையே விடுங்கள். ஆட்டத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டியது ஏதாவது இருந்தால், அது திங்கட்கிழமை வரை தாங்கும்.

மகளே, இந்தப் பருவத்தின் கடைசி ஆட்டம் முடிந்ததும் எனக்கு எழுது. அம்மாவின் உதவியோடு எழுதினாலும் சரி, உனக்கு வரும் தமிழில் நீயே எழுதினாலும் சரி.